கூடத்து உத்தரத்தில் வண்டு

நான் மரத்துக்கு மருந்து அடிப்பவன். பேய் ஓட்டுபவன் அல்ல. சேலத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக இதுதான் என் தொழில். கரையானோ, வண்டோ, மூட்டைப்பூச்சியோ, எந்த வீட்டுக்குப் போனாலும் இன்ன பூச்சி, இன்ன காரணம் என்று சொல்லிவிட்டுத்தான் பணத்தை வாங்குவேன். காரணம் சொல்ல முடியாமல் நான் விட்டு வந்த வீடு ஒன்றே ஒன்று. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்குப் போகிற சாலையின் ஓரத்தில் இருக்கிறது. இன்றைக்கும் ஆள் குடியிருக்கிற வீடு. அதனால் ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றது எல்லாம் நடந்தது நடந்தபடி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நள்ளிரவில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்றும் ராத்திரி என்றால் பயம் கிடையாது. மத்தியானம் மூன்று மணி என்றால்தான் பயம்.

1988 செப்டம்பர் மாதம். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அதற்கு அந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நினைவு நாள் வருகிறது என்று சின்னசேலம் கூட்டுரோட்டில் போலீஸ் வேன் நின்றது. பஸ் போகிற வழியெல்லாம் சாலையோரத்தில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். சிலவற்றில் தளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மருந்து டின்னையும் பையையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

என்னை வரச்சொன்னவர் தங்கதுரை. ஐம்பது வயசு இருக்கும். கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்புக்காடு, சொந்த டிராக்டர், எட்டு மாதத்துக்கு முன்னால் தை மாதத்தில் பால் காய்ச்சிய புது வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பாத்தீங்களா? இருவது அடி கூடம். நடுவுல தூணே கெடையாது. ஒரே மரம். இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் வூட்லனா இருக்குதா கேட்டுப் பாருங்க.”

அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குச் சுவர் ஓடுகிற மருதமர உத்தரம். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. கூரையின் மொத்த பாரமும் அதன் மேல்தான். உண்மையிலேயே அருமையான மரம்.

“மாவு கொட்டிக்கினே இருக்குது. செல்லா, வண்டா, இன்னா எழவுன்னு பாருங்க. எம்மாம் மருந்து வோணும்னாலும் அடிங்க. மரம் மட்டும் போவக் கூடாது.”

உத்தரத்துக்கு நேர் கீழே ஒரு கட்டில். அதில் அவருடைய மகள் மணிமொழி படுத்திருந்தாள். ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“மருந்து அடிச்சா நின்னுடுமா சார்? தூங்கவே முடியல. கரக் கரக்னு...”

“கம்முனு கெட” என்றார் தங்கதுரை. “பூச்சி கத்துனா உயிரா பூடும்? உள் ரூம்புல காத்து வராது. இங்கதான் படுக்கணும். புள்ள பெத்துக்க வந்தவ புள்ளயப் பெத்துக்கினு போய்ச் சேரு.”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சமையலறை வாசலில் அவருடைய மனைவி கண்ணகி நின்றிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே வித்தியாசமாகப் பட்டது.

என் வேலையில் முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். கரையான் என்றால் மண்ணால் பாதை போட்டிருக்கும். இங்கே மண் இல்லை. மாவு வண்டு என்றால் குண்டூசி குத்தியதுபோல நூறு ஓட்டைகள் இருக்கும், தூள் முகப்பவுடர்போல வழுக்கும். அதுவும் இல்லை. மிச்சம் நீளக்கொம்பு வண்டு. உடம்பைவிட நீளமான கொம்பு உள்ள பழுப்பு வண்டு அது. காய்ந்த மரத்தின் வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே வருஷக்கணக்கில் கிடக்கும். வெளியே காகிதம்போல ஒரு தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுவதையும் தின்று தீர்க்கும். சந்தடி இல்லாத வீட்டில் அது மரத்தைக் கரம்புவது காதுக்கே கேட்கும்.

அதுதான் என்று முடிவு கட்டினேன். குனிந்து தரையில் கிடந்த தூளை எடுத்தேன்.

ஈரமாக இருந்தது.

எந்தப் பூச்சி போட்ட தூளும் ஈரமாக இருக்காது. கூரையைப் பார்த்தேன். ஒழுகின அடையாளம் இல்லை. இருபது அடி உத்தரத்தில் வேறு எங்கேயும் தூள் இல்லை. நடுவில் மட்டும். கட்டிலின் கால்மாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு.

ஏணி போட்டு ஏறினேன். நடுமரத்தில் ஒரே ஒரு ஓட்டை. கட்டைவிரல் நுழையும். நீளக்கொம்பு வண்டின் ஓட்டையைவிட மூன்று மடங்கு பெரிசு. ஓட்டையைச் சுற்றிக் கீறல்கள். நான்கு நான்காக, ஒரே இடைவெளியில், பக்கம் பக்கமாக. வண்டு அப்படிக் கீறாது.

“இழைக்கும்போது உளி கிளி பட்டுதாங்க?”

“சான்சே இல்ல. கண்ணாடி மாரி இழைச்சான் தச்சன். முந்தாம் மாசம்கூட வார்னிஷ் அடிச்சேன்.”

கீறல்கள் வார்னிஷுக்கு மேல் இருந்தன.

உத்தரத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் காய்ந்த மரத்தின் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்ததுபோல.

திருப்புளியின் நுனியை மரத்தில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்தேன். டாக்டர் குழாய் வைப்பதுபோல நாங்கள் இப்படித்தான் கேட்போம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆரம்பித்தது.

கரக்... கரக்... கரக்...

புழு கரம்பினால் ஒரே சீராகக் கேட்கும். கடிகாரம்போல. இது அப்படி இல்லை. மெதுவாகத் தொடங்கியது. வேகம் எடுத்தது. மரத்தையே பிளந்துவிடும்போல உச்சத்துக்குப் போனது. பிறகு தளர்ந்து தளர்ந்து... நின்றுவிட்டது.

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. அடுத்தது பன்னிரண்டு முப்பதுக்கு வந்தது. அதற்கடுத்தது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வந்துவிட்டது.

தங்கதுரை கரும்புக்காட்டுக்குக் கிளம்பினார். “நான் வரங்காட்டியும் முடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊசியில் மருந்து ஏற்றி ஓட்டைக்குள் செலுத்தினேன். உள்ளே போன மருந்து அப்படியே வெளியே வந்தது. துப்பியதுபோல என் முகத்தில் அடித்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. கண் எரிந்தது. இறங்கி முகம் கழுவினேன்.

கண்ணகி அம்மா சோறு போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே சத்தம் வந்தது. இப்போது திருப்புளி தேவைப்படவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

மணிமொழியின் கை வயிற்றுக்குப் போனது.

சத்தம் நின்றது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்தபடியே அவளைக் கவனித்தேன். மறுபடி சத்தம். மறுபடி அவள் கை வயிற்றுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னாடி பண்ணுது?” என்றார் கண்ணகி.

“ஒண்ணும் இல்லம்மா. இறுக்கிப் புடிக்குது. வுட்டுடுது.”

கண்ணகி அம்மா கையில் இருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. எடுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சார், அது பூச்சி இல்ல.”

“பின்ன?”

“நோவு. இடுப்பு நோவு. நான் மூணு பெத்தவ. வந்து வந்து நிக்குது பாருங்க. வர வர கிட்ட கிட்ட வருது பாருங்க. எனக்குத் தெரியும்.”

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். மலைப்பக்கம் மேகம் இறங்கிக் கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, உத்தரத்தைப் பார்த்தார்.

“இது எந்த மரம் தெரியுமா சார்? ரோட்டு மரம். சர்க்கார் மரம். போன வருஷம் மறியல் நடந்துச்சே, அப்ப வெட்னது. மறியல்காரங்க வெட்டல. இவரு வெட்னாரு. ஊரே மரம் வெட்டிக்கினு கீது, யாரு கேக்கப் போறாங்கன்னு ஆளுங்கள வெச்சு சாய்ச்சிட்டாரு. ரோட்டுக்குக் குறுக்கால வுழுந்துச்சு.”

மேலே சத்தம் வந்தது. அது நிற்கிற வரை மகளின் வயிற்றிலேயே கண் வைத்திருந்தார்.

“மறுநாளு மலையிலேர்ந்து ஒரு வேன் வந்துச்சு. உள்ள ஒரு பொண்ணு. இருசம்மாள்னு பேரு. நெறமாசம். நோவு கண்டு ஒரு நாளு ஆயிடுச்சின்னாங்க. வழில மறியல்காரங்களே மரத்தப் பொரட்டி வழி வுட்டுட்டாங்க சார். நல்லபடியா பெத்துக்கினு வாம்மான்னு சொல்லி அனுப்சாங்களாம். இந்த ஒரு மரந்தான் வழி வுடல.”

“நகர்த்தலையா?”

“அம்மாம் பெரிய மரம் எப்டி நவுரும்? நடுவுல ஒரு அறுப்பு அறுத்துப் பொரட்னா வேன் பூந்து போயிடும். அரை மணி நேர வேலை. அறுப்புக்காரங்க ரம்பத்தோட அங்கயேதான் நின்னுகினு இருந்தாங்க. அந்தப் பொண்ணோட புருஷன் இவரு கால்ல வுழுந்து கெடக்கிறான். இவரு இன்னா சொன்னாரு தெரியுமா?”

“என்ன சொன்னாரு?”

“நடுவுல அறுத்தா உத்தரத்துக்கு நீளம் போயிடும்னாரு. அறுப்புக்காரங்கள டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்சிட்டாரு.”

மணிமொழி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது அதுவரை தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“தூக்கிக்கினாவது அந்தாண்ட போவலாம்னு மரத்து மேல ஏத்தினாங்க. ஏத்தும்போதே நோவு ஜாஸ்தியாயிடுச்சு. மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினா. நகத்தால பிராண்டுனா. நாலு பேரு இழுத்தும் கைய எடுக்கல. மரத்துல கறை படுதுன்னு இவரு கத்துறாரு சார்... நான் போயி தண்ணி குடுத்தேன். வாய் தொறக்கல. நாலு மணிக்கு அடங்கிட்டா.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஒரு வீட்டில் ஒரு பாவம் நடந்தால், அதற்கப்புறம் எலி ஓடினாலும் பேயாகத்தான் தெரியும். உள்ளே ஏதோ பெரிய புழு இருக்கிறது, அதை வெளியே எடுத்துக் காட்டினால் இந்தப் பெண்கள் தெளிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பையில் இருந்து கொக்கிக் கம்பியை எடுத்தேன். புழுவைக் குத்தி இழுப்பதற்கு வைத்திருப்பது. ஏணியில் ஏறினேன்.

கம்பியை ஓட்டைக்குள் விட்டேன். அரை அடி போனது. இன்னும் போனது. மரத்தின் கனமே அவ்வளவு இல்லை. ஆனாலும் போனது.

நுனியில் மெத்தென்று ஏதோ தட்டியது.

புழு.

மெதுவாக இழுத்தேன்.

வரவில்லை.

கொஞ்சம் அழுத்தி இழுத்தேன்.

அது கம்பியைப் பிடித்துக்கொண்டது.

கடிக்கவில்லை. கடித்தால் கம்பி அதிரும். எனக்குத் தெரியும். இது பிடித்தது. சின்னதாக. இறுக்கமாக. தொட்டிலில் கிடக்கும் குழந்தை நம் விரலைப் பிடிக்குமே...

அப்படி.

என்னால் கம்பியை விடவும் முடியவில்லை. இழுக்கவும் முடியவில்லை.

கரக்கரக்கரக்கரக்...

இப்போது இடைவெளியே இல்லை. உத்தரம் என் தோளில் இடித்து இடித்து அதிர்ந்தது. ஓட்டு வில்லைகள் கடகடவென்றன.

கீழே மணிமொழி அலறினாள்.

“யம்மா... யம்மா...!”

ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தது. சொட்டாக இல்லை. குடம் உடைந்ததுபோலக் கொட்டியது. வெந்நீர். என் கை, சட்டை, ஏணி, கட்டில், எல்லாம் நனைந்தது. அந்த வாசனை... என் மனைவிக்குப் பிரசவம் ஆன அறையில் இருந்தேனே, அதே வாசனை.

“சார்! கட்டிலப் புடிங்க சார்!”

ஏணியிலிருந்து குதித்தேன். கம்பியும் என் கையோடு வந்துவிட்டது. உள்ளே பிடித்திருந்தது விட்டுவிட்டது. நானும் கண்ணகி அம்மாவும் கட்டிலோடு மணிமொழியை வாசலுக்கு இழுத்தோம். அவள் புடவையும் நனைந்திருந்தது. அது மேலே இருந்து கொட்டிய தண்ணீர் மட்டும் இல்லை.

பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் நின்றிருந்தது.

கூடத்தில் அப்படி ஒரு அமைதி. நானும் அந்த அம்மாவும் ஒரே விஷயத்துக்குக் காத்திருந்தோம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அழுகைச் சத்தம்.

வரவில்லை.

மணி நான்கு.

பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். டிராக்டரில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரும் நர்சும் முடிந்தவரை பார்த்தார்கள். இருட்டுவதற்குள் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. மூச்சு இல்லை. மணிமொழி பிழைத்துக்கொண்டாள். எதற்குப் பிழைத்தோம் என்பதுபோல விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

தங்கதுரை வந்து சேர்ந்தபோது துணியில் சுற்றிய பேரனைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துக்கத்தில் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“மருந்து ஏறுச்சா? உத்தரம் நிக்குமில்ல? நடுவுல எங்கயும் வெட்டலியே?”

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சேலம் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோதுதான் கவனித்தேன். கொக்கிக் கம்பியின் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிசாக, வளைந்து, கண்ணாடிபோலச் சின்னச் சின்னத் துண்டுகள். வண்டின் இறகு மூடி உடைந்து வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வண்டுதான். எல்லாம் வண்டுதான். மற்றது மனசுப் பிரமை. பழக்கதோஷத்தில் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு மூடினேன். அடுத்த வாரம் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்குப் போய், பூச்சிகளை இனம் பார்ப்பதில் கைதேர்ந்த என் பழைய பேராசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இளவரசன், இதை எங்கே எடுத்தே?”

“ஒரு உத்தரத்துக்குள்ளே சார். என்ன வண்டு?”

“வண்டு இல்லை. பூச்சியே இல்லை. நகம். அஞ்சு இருக்கு.” பாட்டிலை மூடி என் பக்கம் நகர்த்தினார். “பிறந்த குழந்தையோட நகம்.”

அன்றைக்கே இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கார்த்திகை மாதம் விசாரித்து விசாரித்து மலை ஏறினேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வெகுதூரம் நடை. இருசம்மாளின் புருஷன் பேர் வேடியப்பன். சாமை அறுத்த தாளை அடுக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயசுகூட இருக்காது. ஒரு கண் இல்லை. குழிதான் இருந்தது.

மருந்து அடிக்கிறவன், கீழே ஒரு வீட்டில் அந்தக் கதையைக் கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன். உத்தரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“கொழந்தையோடதான் பொதைச்சீங்களா?” என்று கேட்டேன்.

அவன் தாளைக் கீழே போட்டான்.

“கொழந்த இல்லிங்க.”

“இல்லேன்னா?”

“குளிப்பாட்ட எடுத்தாங்க. பொம்பளைங்கல்லாம் கத்திக்கினு வெளிய ஓடியாந்தாங்க. வயிறு ஒட்டிக் கெடந்துச்சு. கொழந்த இல்ல. கொடியும் இல்ல. பெத்த அடையாளமே இல்லன்னாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன் சார். மரத்து மேல படுத்திருந்தப்ப வயிறு இம்மாம் பெருசு. நான் கையால தடவிக் குடுத்துக்கினே இருந்தேன்.”

அவன் கை அப்படியே காற்றில் நின்றது.

“அவ அண்ணங்காரனுங்க நம்பல. கொழந்தய எங்கடா போட்டன்னு கேட்டு அடிச்சானுங்க. அதுல போனதுதான் இந்தக் கண்ணு. கண்ணுல துணியக் கட்டிக்கினு திரும்பக் கீழ எறங்கிப் போய்த் தேடினேன் சார். ரோடு முச்சூடும், பள்ளம், பாலம் எல்லாம் தேடினேன். அந்த எடத்துல மரமே இல்ல. இழுத்துக்கினு போயிட்டாங்க. மரத்தூளுதான் கெடந்துச்சு. அதையும் கைவுட்டுத் தோண்டிப் பாத்தேன்.”

என் சட்டைப் பையில் அந்தப் பாட்டில் இருந்தது. அதைக் காட்டவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. ஆனாலும் எடுத்தேன். எங்கிருந்து எடுத்தேன் என்பதை முழுக்கச் சொன்னேன்.

அவன் அழவில்லை. கத்தவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதை மடியில் முடிந்துகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“கம்பியால கையத் தொட்டீங்க இல்ல சார்... பொண்ணா, பையனா?”